பொப்பிப் பூவும் ஊர்வலச் சட்டமும்: பிரித்தானிய நவம்பருக்கு ஒரு வழிகாட்டி

ஒக்டோபர் கடைசியில் பிரித்தானியாவின் சுப்பர்மார்க்கெட் வாசல்களிலும் ரயில் நிலையங்களிலும் சிவப்புக் காகிதப் பூக்களோடு உண்டியல் ஏந்தியவர்கள் வந்து நின்றுவிடுவார்கள். அந்தப் பூவை அணியச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. அணியாதவரைத் தண்டிக்கும் சட்டமும் இல்லை. ஆனால் அதே பூவையோ வேறொரு பூவையோ குத்திக்கொண்டு நாலு பேர் ஒரு கோரிக்கைக்காக வீதியில் வரிசையாக நடக்கத் தொடங்கினால் சட்டம் கூடவே நடந்து வரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். பூ விசயத்தில் இல்லாத விதிகளுக்குப் பயப்படுவார்கள். ஊர்வலத்தில் இருக்கிற விதியைக் கவனிக்க மாட்டார்கள்.

முதலில் பூ

போரில் இறந்த படையினரை நினைவுகூர, முன்னாள் படையினருக்கு உதவும் றோயல் பிரிட்டிஷ் லீஜன் என்ற அமைப்பு 1921-இல் இருந்து விற்கும் பூ இது. வயல்வெளியில் தானாக முளைக்கிற சிவப்புப் பொப்பி. கசகசாவும் அபினும் தருவது இதன் உறவுச் செடி, இது அல்ல. 2010 நவம்பரில் டேவிட் கமரூனும் அமைச்சர்களும் இந்தப் பூவோடு சீனாவுக்குப் போனபோது, பிரித்தானியா சீனாவோடு நடத்திய அபின் போரை நினைவுபடுத்துகிறது, கழற்றிவிடுங்கள் என்று அங்கே கேட்கப்பட்டது. அவர்கள் கழற்றவில்லை.

பூவுக்கு விலை கிடையாது. உண்டியலில் போடுவது உங்கள் விருப்பம். 2023-இல் இருந்து பிளாஸ்டிக் இல்லாத காகிதப் பூ வந்துவிட்டது. அதன் நாரில் பாதி மரத்தில் இருந்தும், மறுபாதி கோப்பிக் கோப்பை செய்யும் ஆலைகளில் மிஞ்சுகிற கழிவில் இருந்தும் வருகிறது. இரண்டு சிவப்பு இதழ், ஒரு பச்சை இலை, நடுவில் கறுப்பு வட்டம். ஸ்கொட்லாந்துப் பூவுக்கு நாலு இதழ், இலை இல்லை. கையில் கிடைத்த பூவில் இலையைக் காணோம் என்று பதற வேண்டாம்.

எல்லோரும் முறையிடுவது ஒன்றைத்தான்: குத்திய பூ மாலைக்குள் விழுந்துவிடுகிறது. காரணம் ஊசியை ஒரே தரம் குத்துவது. கோட்டின் மடிப்பை விரலால் சற்றுக் கிள்ளித் தூக்குங்கள். ஊசியை மேலிருந்து துணிக்குள் இறக்கி வெளியே எடுங்கள். அதைத் தண்டின் மேலாகக் கொண்டுபோய் மறுபடி துணிக்குள் இறக்குங்கள். முனை துணி அடுக்குகளுக்குள் மறைந்திருக்க வேண்டும். இப்படித் துணியில் இரண்டு தரம் நுழைந்த ஊசி லேசில் கழராது. பொத்தான் துளையில் தண்டை வெறுமனே செருகுவது பிளாஸ்டிக் தண்டுக் காலத்துப் பழக்கம். காகிதத் தண்டு மழையில் ஊறினால் மடிந்துவிடும். நவம்பரில் மழை வராத நாள் எது? நனைந்த பூவை உலர்த்தி மீட்க முயல்வதை விட இன்னொன்று வாங்குவது மேல்.

பூவைப் பிய்க்கும் இன்னொரு எதிரி தோள்பை வார். பூ இடப்பக்கம் என்றால் பையை வலத் தோளில் மாட்டுங்கள். காரில் போகிறவர்களுக்கு இன்னும் நுணுக்கமான கணக்கு உண்டு. இங்கே சாரதி வலப்பக்கம் இருப்பதால் அவருடைய ஆசனப்பட்டி வலத் தோளில் இருந்து இடது இடுப்புக்கு இறங்கும். இட மார்பின் மேற்பகுதி தப்பிவிடும். பக்கத்து ஆசனத்தில் இருப்பவருக்குப் பட்டி இடத் தோளில் இருந்து வருகிறது. பூவின் மேலேயே உராயும். ஏறும் முன் கழற்றி வைப்பதுதான் வழி.

சேலைக்கு வேறு முறை. பட்டில் குண்டூசி குத்தினால் துளை நிற்கும், இழை இழுபடும். தோளில் மடிப்புகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஊக்கு எப்படியும் அங்கே இருக்கிறது. அதற்குப் பின்னால் தண்டைச் செருகிப் பூட்டினால் புதிதாகத் துளை வேண்டாம். குழந்தைகளுக்கும், ஊசி அனுமதிக்காத சமையலறை, மருத்துவமனை வேலைக்காரருக்கும் ஒட்டுப் பூ இருக்கிறது. உலோகப் பூ வாங்குகிறவர்கள் பின்பக்கப் பூட்டைப் பாருங்கள். அழுத்தி மாட்டுகிற சிறிய மூடி தடித்த கம்பளிக் கோட்டில் சரியாகப் பிடிக்காது.

இடமா வலமா, இலை கடிகாரத்தின் 11 மணியைக் காட்ட வேண்டுமா, ஆண்களுக்கு ஒரு பக்கம் பெண்களுக்கு ஒரு பக்கமா என்று ஒவ்வோர் ஆண்டும் வாட்ஸ்அப்பில் ஒரு விதிப்பட்டியல் சுற்றும். அணிவதில் சரி பிழை இல்லை என்று லீஜனே சொல்லிவிட்டது. இதயம் இருக்கும் பக்கம் என்பதால் பெரும்பாலானோர் இடப்பக்கம் குத்துகிறார்கள், அவ்வளவுதான். நாளுக்கும் கட்டாயம் இல்லை. விற்பனை தொடங்கும் ஒக்டோபர் கடைசியில் இருந்து, முதல் உலகப் போர் நின்ற நாளான நவம்பர் 11 வரை அணிவது வழக்கம். நவம்பரின் இரண்டாம் ஞாயிறு நினைவு ஞாயிறு. அது 11-க்குப் பிந்தி வருகிற ஆண்டில் அந்த ஞாயிறு வரை வைத்திருப்பார்கள்.

வேறு நிறங்கள், வேறு பூக்கள்

வெள்ளைப் பொப்பி 1933-இல் கூட்டுறவுப் பெண்கள் சங்கம் தொடங்கியது. இப்போது பீஸ் பிளெஜ் யூனியன் என்ற போர் எதிர்ப்பு அமைப்பு விற்கிறது. போரில் இறந்த எல்லோரையும், பொதுமக்களையும், நினைப்பதும் போரை மறுப்பதும் அதன் பொருள். ஊதாப் பொப்பி, போரில் மாண்ட விலங்குகளுக்கு. கறுப்புப் பொப்பி, ஆபிரிக்க, கரீபியப் படையினருக்கு. இரண்டு நிறத்தைச் சேர்த்து அணிவதற்கும் தடை இல்லை. 2018-இல் லீஜன் கதர்த் துணியிலும் ஒரு பொப்பி கொண்டுவந்தது. முதல் உலகப் போரில் போன இந்தியப் படையினருக்காக. 74,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. நம் வீடுகளில் பெரியவர்களுக்கு இதைக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் அணிந்துகொள்வார்கள்.

இலங்கையில் இருந்து வந்தவர்களுக்கு இந்தப் பூவோடு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. கொழும்பில் நவம்பர் 11-இல் விற்ற பொப்பிக் காசின் பெரும்பங்கு பிரித்தானியாவுக்கே போகிறது, உள்ளூர் முன்னாள் படையினருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்ற மனக்குறையில் 1931-இல் சூரிய மல் விற்கத் தொடங்கினார்கள். 1933-இல் இடதுசாரி இளைஞர்கள் அதை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். சூரிய மல் என்பது வேறொன்றும் இல்லை, நம் வேலியோரப் பூவரசம்பூ. எனவே பொப்பி அணிய மனம் வராத ஈழத்தவரோ சிங்களவரோ நன்றி கெட்டவர் என்று யாரும் முகம் சுளித்தால் இந்த வரலாறு கையில் இருக்கட்டும். வட அயர்லாந்தின் டெரியில் வளர்ந்த கால்பந்து வீரர் ஜேம்ஸ் மக்ளீன் தன் ஊரில் 1972-இல் இராணுவம் சுட்டுக் கொன்றவர்களை நினைத்து அணிய மறுத்தார். அவருக்கு வசை நிறைய வந்தது. மறுத்தது குற்றம் ஆகவில்லை.

வேலையிடத்தில் நிலைமை சற்று வேறு. சீருடை, பாதுகாப்பு காரணம் காட்டி முதலாளி பூவைத் தடுக்கலாம். பொப்பி அணிவது சமத்துவச் சட்டம் காக்கும் ஒரு கொள்கை நம்பிக்கை என்று 2011-இல் தொழில் நியாயமன்றத்துக்குப் போன வாதம் எடுபடவில்லை. சண்டைக்குப் போகும் முன் உடை விதியை வாசியுங்கள்.

பூவை எரிப்பது தானாகவே ஒரு குற்றமா? அப்படிப் பெயர் சொல்லும் சட்டம் இல்லை. ஆனால் 2010 நவம்பர் 11-இல், இரண்டு நிமிட மௌனத்தின்போது கென்சிங்டனில் கோசமிட்டுப் பொப்பியை எரித்த ஒருவருக்கு 1986 பொது ஒழுங்குச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் 50 பவுண் தண்டம் விழுந்தது. எந்த நேரம், யார் காதில் விழ, எப்படிச் செய்தார் என்பதே எடைபோடப்படும்.

இனி வீதி

பிரித்தானியாவில் ஆர்ப்பாட்டத்துக்கு 'அனுமதி' எடுக்க வேண்டும் என்று நம்மவர் பலர் சொல்வது 2009-இன் எச்சம். அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரை இலங்கைப் போரை நிறுத்தக் கோரித் தமிழர் பாராளுமன்றச் சதுக்கத்தில் இருந்த காலத்தில், 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாராளுமன்றச் சுற்றுவட்டத்தில் ஆர்ப்பாட்டம் செய்ய முன் அங்கீகாரம் வேண்டியிருந்தது. அந்தப் பிரிவு பின்னர் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேண்டியது அறிவித்தல். அதுவும் நடந்து போகிற ஊர்வலத்துக்கு மட்டும். ஓர் இடத்தில் நின்று கூடுவதற்குப் பொலிஸுக்கு முன்னறிவித்தல் தரச் சட்டம் கேட்பதில்லை.

ஊர்வல அறிவித்தல் 1986 சட்டத்தின் 11-ஆம் பிரிவு. ஒரு கருத்தை ஆதரிக்க, எதிர்க்க, ஒரு கோரிக்கையைப் பரப்ப, அல்லது ஒரு நிகழ்வை நினைவுகூர நடக்கிற ஊர்வலம் எதுவானாலும் இது பொருந்தும். 'நாங்கள் அரசியல் பேசவில்லை, விளக்கேந்தி நடக்கத்தான் போகிறோம்' என்று விட்டுவிடுவது இங்கேதான் இடறும். நினைவுகூரலும் பட்டியலில் இருக்கிறது. ஆள் தொகைக்குக் கீழெல்லை கிடையாது. வழக்கமாக ஆண்டுதோறும் அதே பகுதியில் நடக்கிற ஊர்வலத்துக்கும், மரண ஊர்வலத்துக்கும் விலக்கு உண்டு.

எழுத்தில் தர வேண்டியவை நாலு: திகதி, தொடங்கும் நேரம், பாதை, ஒழுங்கமைப்பவர் ஒருவரின் பெயரும் முகவரியும். ஊர்வலம் தொடங்கும் பகுதியின் பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். லண்டனில் மெட்ரோபொலிட்டன் பொலிஸின் இணையப் படிவம் இருக்கிறது. எல்லோரும் தவறுவது 'ஆறு முழு நாட்கள்' என்ற கணக்கில். கொடுக்கிற நாளும் ஊர்வல நாளும் கணக்கில் சேராது. நவம்பர் 14 ஊர்வலம் என்றால் 8 முதல் 13 வரை ஆறு நாள். ஆக 7-ஆம் திகதிக்குள் கொடுத்திருக்க வேண்டும். 8-ஆம் திகதி கொடுத்தால் பிந்திவிட்டது. தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால். அதுவும் அதே ஆறு நாளுக்கு முன் போய்ச் சேர வேண்டும். திடீரென்று ஒன்று நடந்து மறுநாளே இறங்க வேண்டிய நிலை என்றால், முடிந்த அளவு விரைவாகக் கொடுத்தால் போதும் என்று சட்டமே இடம் விடுகிறது. கொடுக்காமலே விட்டால் ஒழுங்கமைத்தவருக்கு 1,000 பவுண் வரை தண்டம். வெறுமனே கலந்துகொண்டவருக்கு அந்தக் குற்றம் இல்லை.

அறிவித்தல் கொடுப்பதில் ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை யாரும் சொல்வதில்லை. கூட்டத்தைக் கலைந்துபோகச் சொல்லப் பொலிஸ் அடிக்கடி எடுப்பது 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு. முறையாக அறிவித்த ஊர்வலத்தில் நடப்பவர்களுக்கு அந்தக் கட்டளையைப் பிறப்பிக்க முடியாது. அந்தப் படிவம் உங்களுக்கு ஒரு கவசமும்கூட.

நிபந்தனை, தடை: இரண்டும் ஒன்றல்ல

அதே 1986 சட்டத்தின் 12-ஆம் பிரிவு ஊர்வலத்துக்கு நிபந்தனை விதிக்கப் பொலிஸுக்கு அதிகாரம் தருகிறது. 14-ஆம் பிரிவு நின்று கூடுவோருக்கு. கூட்டம் என்று கணக்கில் வர இரண்டு பேர் போதும் (2003-க்கு முன் இருபது). பெரும் ஒழுங்கின்மை, பெரும் சொத்துச் சேதம், சமூக வாழ்வுக்குக் கடும் இடையூறு, மிரட்டல் என்ற காரணங்களில் ஒன்று வேண்டும். 2022-இல் சத்தமும் சேர்ந்தது. பாதையை மாற்று, இத்தனை மணிக்கு முடி, இந்தப் பக்கமே நில் என்று நிபந்தனை வரும். முன்கூட்டி விதித்தால் எழுத்தில் வரும். அன்றைய தினம் அந்த இடத்தில் உள்ள மூத்த அதிகாரி வாயாலேயே விதிக்கலாம். 2022-க்குப் பிறகு 'எனக்குத் தெரியாது' என்பது முழுக் காப்பு அல்ல. தெரிந்திருக்க வேண்டிய நிலை இருந்தாலே குற்றம், தண்டம் 2,500 பவுண் வரை. எனவே கிளம்பும் காலையில் அந்தப் பொலிஸின் சமூக ஊடகப் பக்கத்தைப் பாருங்கள். நிபந்தனை வரைபடம் அங்கேதான் வரும். அதைப் படமெடுத்துத் தொண்டர்களுக்கு அனுப்புங்கள், தமிழில் ஒரு வரி விளக்கத்தோடு.

'கடும் இடையூறு' எந்த அளவு? 2023-இல் அரசு ஒழுங்குவிதி ஒன்றால் அதைச் 'சிறிய அளவுக்கு மேல்' என்று இறக்கியது. 2024 மேயில் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. 2025 மேயில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

தடை என்பது 13-ஆம் பிரிவு. நிபந்தனை போட்டாலும் பெரும் ஒழுங்கின்மையைத் தடுக்க முடியாது என்றால் மட்டுமே. லண்டனில் பொலிஸ் ஆணையாளர் உள்துறை அமைச்சரின் ஒப்புதலோடு செய்ய வேண்டும். வெளியே கவுன்சிலும் இடையில் வரும். தடை அதிகபட்சம் மூன்று மாதம் வரைதான். அமைச்சர் தானாகத் தடுக்க முடியாது என்பதற்கு 2023 நவம்பர் 11 நல்ல பாடம். போர்நிறுத்த நினைவு நாளில் பலஸ்தீன ஆதரவு ஊர்வலம் வேண்டாம் என்று அரசுத் தரப்பில் எவ்வளவோ அழுத்தம் வந்தது. ஆணையாளர் மார்க் ரவுலி, தடை கேட்பதற்கான அளவு எட்டப்படவில்லை என்று நின்றார். ஒழுங்கமைப்பாளர்களும் புத்தியாக நடந்தார்கள்: நினைவுத்தூண் இருக்கும் வைட்ஹோல் பக்கமே போகாமல் ஹைட் பார்க்கில் இருந்து நைன் எல்ம்ஸில் உள்ள அமெரிக்கத் தூதரகம் வரை பாதை, தொடக்கம் 11 மணி மௌனம் முடிந்து ஒன்றரை மணி நேரத்துக்கும் பிந்தி. சுமார் 3,00,000 பேர் என்று பொலிஸ் கணித்தது. நினைவுத்தூண் அருகே அன்று கைகலப்பு நடந்தது உண்மை. அதைச் செய்தவர்கள் அதைக் காக்க வந்தோம் என்ற எதிர்க்கூட்டத்தார். இரண்டு நாளில் உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன் பதவி இழந்தார்.

நீங்கள் நவம்பரில் ஏதாவது ஒழுங்கு செய்தால் அந்தப் பாதைத் தெரிவைப் பின்பற்றுங்கள். 11-ஆம் திகதியும் நினைவு ஞாயிறும் காலை 10 முதல் நண்பகல் வரை எந்த ஊர் நினைவுத்தூணுக்கும் அருகே பாதை போட வேண்டாம். 11 மணிக்கு நடந்துகொண்டிருந்தால் நின்று, ஒலிபெருக்கியை அணைத்து, இரண்டு நிமிடம் மௌனம் காப்பதை நிகழ்ச்சி நிரலிலேயே எழுதிவிடுங்கள். தூணில் ஏறுவது, கொடி கட்டுவது அறவே கூடாது. நினைவுச்சின்னத்துக்குச் சேதம் விளைவித்தால், சேதத்தின் பெறுமதி எவ்வளவு குறைவானாலும், 2022 முதல் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

தெற்காசியப் படையினரை நினைக்க வேண்டும் என்றால் வைட்ஹோலில் நெரிபடத் தேவையில்லை. 2002 நவம்பரில் மகாராணி திறந்துவைத்த நினைவு வாயில்கள் கொன்ஸ்ரிரியூசன் ஹில்லில் இருக்கின்றன. இலங்கை, இந்தியா உட்பட நாடுகளின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன.

கையில் என்ன இருக்கிறது

2023 பொது ஒழுங்குச் சட்டம் உடலை எதனோடாவது பூட்டிக்கொள்வதைக் குற்றமாக்கியது, அதற்கான பொருளை வைத்திருப்பதையும். அந்தச் சட்டம் வந்த சில நாளில், முடிசூட்டு விழாவன்று, பதாகைகளைக் கட்ட வைத்திருந்த பட்டிகளைப் பார்த்துக் குடியரசு ஆதரவாளர்களைக் கைது செய்தார்கள். வழக்கு எதுவும் போடவில்லை, ஆனால் விழா முடியும் வரை உள்ளேதான். பதாகையை மரச் சட்டத்தில் முன்கூட்டியே அடித்துக் கொண்டுபோங்கள். சைக்கிள் பூட்டு, கேபிள் பட்டி, சங்கிலி, பசைக் குழாய் பையில் வேண்டாம். ஒலிபெருக்கியை வீதியில் இரவு 9 முதல் காலை 8 வரை எடுக்கக்கூடாது என்பது 1974-ஆம் ஆண்டுச் சட்டம். பாராளுமன்றச் சதுக்கத்தில் கூடாரமும் படுக்கையும் கூடாது. அங்கே ஒலிபெருக்கிக்குத் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். வீதியில் உண்டியல் குலுக்கிப் பூ விற்பதற்கும் உரிமம் வேண்டும். லீஜன்காரருக்கு அது இருக்கிறது. பூவுக்குத்தானே காசு கேட்கிறோம் என்று நீங்கள் குலுக்கினால் சிக்கல்.

நவம்பர் 27 மாவீரர் நாளுக்குக் கூடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. விடுதலைப் புலிகள் அமைப்பு 2001-இல் இருந்து பிரித்தானியாவில் தடையில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, தடைசெய்யப்பட்ட அமைப்பின் ஆதரவாளர் என்ற நியாயமான சந்தேகத்தை எழுப்பும் விதத்தில் உடை அணிவதையும் பொருளை ஏந்துவதையும் குற்றம் என்கிறது, ஆறு மாதம் வரை சிறை. நோக்கம் நல்லது என்பது காப்பாகாது என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே ஒரு குர்திஷ் கொடி வழக்கில் சொல்லிவிட்டது. கொடியைப் படமெடுத்து இணையத்தில் போடுவதும் இப்போது இதற்குள் வரும். அந்த நாளின் அடையாளமான கார்த்திகைப் பூவை அணியக்கூடாது என்று ஒரு பட்டியல் இல்லை. சட்டம் பொருளைப் பெயரிடுவதில்லை, சூழ்நிலையைப் பார்க்கிறது. சட்டையில் ஒரு பூ ஒன்று. பூவோடு அமைப்பின் இலச்சினையும் வரிச்சீருடையும் சேர்ந்தால் வேறொன்று. அரசியல் அமைப்பைக் குறிக்கும் சீருடையைப் பொது இடத்தில் அணிவது 1936-இல் இருந்தே தனிக் குற்றம். அணிவகுப்புக்குப் பிள்ளைகளை வரிச்சீருடையில் நிறுத்த நினைப்பவர்கள் இதை முதலில் வாசிக்கட்டும்.

எல்லைக்கு அப்பால்

மேலே சொன்ன ஆறு நாள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். ஸ்கொட்லாந்தில் ஊர்வலத்துக்கு 28 நாள் முன்னர் கவுன்சிலுக்கும் பொலிஸுக்கும் சொல்ல வேண்டும். வட அயர்லாந்திலும் 28 நாள், முடிவு சொல்வது ஊர்வலங்களுக்கான தனி ஆணைக்குழு. அங்கே பொப்பி எந்தச் சமூகம் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளமாகவும் பார்க்கப்படும். பெல்ஃபாஸ்டுக்கு வேலைக்குப் போகிறவர் இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுக் குத்தலாம்.

பிடிபட்டால்

பெயர், முகவரி, பிறந்த திகதிக்கு மேல் எதுவும் பேசும் முன் சட்டத்தரணியைக் கேளுங்கள். பொலிஸ் நிலையத்தில் அது இலவசம், மொழிபெயர்ப்பாளரும் இலவசம். 'எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறோம், இங்கே கையொப்பம் போடுங்கள்' என்று நள்ளிரவில் நீட்டும் தாள் வீட்டுக்குப் போகும் வழி போலத் தெரியும். அது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தாள். பிரசாவுரிமை விண்ணப்பத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். விசா நிலுவையில் உள்ளவர்கள் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போங்கள். கைப்பேசியை வாங்கிவிடுவார்கள்.